எளிய வீட்டு விளையாட்டுக் கணினிக்கான செயலித் தெரிவு

எளிய வீட்டு விளையாட்டுக் கணினிக்கான செயலித் தெரிவு என்பது, குறைந்த அல்லது நடுத்தரச் செலவில் அமைக்கப்படும் மேசைக் கணினி ஒன்றில் நிகழ்பட விளையாட்டுகளைத் தடையின்றி இயக்குவதற்கு ஏற்ற மையச் செயற்பகுதியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் குறிக்கும். இத்தெரிவு செயலியின் வேகத்தை மட்டும் சார்ந்தது அன்று. வரைகலை அட்டை, நினைவகம், தாய்ப்பலகை, மின்வழங்கி, கணினி வைக்கப்படும் அறையின் வெப்பநிலை, மின்சாரத்தின் தரம் ஆகிய அனைத்தும் இதில் பங்கு பெறுகின்றன.

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறள்நில வட்டாரங்களில் ஒரு குடும்பம் பல ஆண்டுகளுக்கு ஒரு முறையே கணினி வாங்குகிறது. அதே கணினி பாடம், விண்ணப்பம், கணக்கு, விளையாட்டு ஆகிய அனைத்துக்கும் பயன்படுகிறது. எனவே, தவறான தெரிவின் விளைவு நெடுங்காலம் நீடிக்கக் கூடியது.

விளையாட்டில் செயலியின் பங்கு

ஒரு நிகழ்பட விளையாட்டு திரையில் காட்டும் ஒவ்வொரு படமும் சட்டகம் எனப்படும். ஒரு நொடிக்கு 60 சட்டகங்கள் காட்டப்பட வேண்டுமாயின், ஒவ்வொரு சட்டகமும் சுமார் 16.7 மில்லி நொடிக்குள் ஆயத்தமாக வேண்டும். இப்பணி இரண்டாகப் பிரிகிறது. விளையாட்டின் விதிகள், பொருள்களின் இயக்கம், கணினி இயக்கும் பாத்திரங்களின் முடிவுகள், ஒலி, பிணையத் தொடர்பு ஆகியவற்றைச் செயலி கணக்கிட்டு, எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைகளை உருவாக்குகிறது. அக்கட்டளைகளைப் பெற்று, படத்தை வரைவது வரைகலைச் செயலியின் பணியாகும்.

இவ்விரண்டில் எது கூடுதல் நேரம் எடுக்கிறதோ அதுவே விளையாட்டின் வேகத்தை முடிவு செய்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு சட்டகத்துக்குச் செயலி 8 மில்லி நொடியும் வரைகலை அட்டை 20 மில்லி நொடியும் எடுத்தால், நொடிக்கு 50 சட்டகங்களே கிடைக்கும். அதே கணினியில் 5 மில்லி நொடியில் பணியை முடிக்கும் விலையுயர்ந்த செயலியைப் பொருத்தினாலும் அந்த எண்ணிக்கை 50-ஐத் தாண்டாது. மாறாக, வரைகலை அட்டையின் நேரத்தை 10 மில்லி நொடியாகக் குறைத்தால் சட்டகங்கள் நொடிக்கு 100 ஆக உயரும்.

இதன் காரணமாகவே, தனி வரைகலை அட்டை உள்ள எளிய விளையாட்டுக் கணினியில் செயலியைக் காட்டிலும் வரைகலை அட்டைக்குக் கூடுதல் தொகை ஒதுக்குவது வழக்கமாக உள்ளது. ஆயினும் இது எல்லா விளையாட்டுகளுக்கும் பொருந்தாது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, வேலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகளும், சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் போன்ற நகர அமைப்பு விளையாட்டுகளும் செயலியையே பெரிதும் நம்பியுள்ளன.

தம்மிடம் உள்ள கணினியில் தடை எங்குள்ளது என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. விளையாட்டின் திரை அளவை 1920×1080 இலிருந்து 1280×720 ஆகக் குறைத்துப் பார்க்க வேண்டும். சட்டக எண்ணிக்கை நன்கு உயர்ந்தால் தடை வரைகலைப் பகுதியில் உள்ளது. எண்ணிக்கை மாறாமல் இருந்தால் தடை பெரும்பாலும் செயலியிலோ நினைவகத்திலோ உள்ளது.

கவனிக்க வேண்டிய கூறுகள்

கருவகமும் இழையும்: தற்காலச் செயலி ஒவ்வொன்றிலும் கோர் எனப்படும் கருவகங்கள் பல உள்ளன. ஒவ்வொரு கருவகமும் தனித்துக் கணிக்கும் திறன் கொண்டது. சில செயலிகளில் ஒரு கருவகம் ஒரே நேரத்தில் இரண்டு பணி இழைகளை ஏற்கும். ஒரு தறியில் ஒரு சேலை நெய்ய மூன்று நாள் ஆகுமெனில், மேலும் மூன்று தறிகளை வாங்குவதால் அந்த ஒரு சேலை விரைவில் முடியாது. நான்கு சேலைகள் ஒரே காலத்தில் முடியும். கருவகங்களின் எண்ணிக்கையும் அத்தகையதே. விளையாட்டின் முதன்மைப் பணி பெரும்பாலும் ஓர் இழையிலேயே தங்கியிருப்பதால், தனிக் கருவகத்தின் வேகம் முதலிடம் பெறுகிறது. அதன் பின்னரே எண்ணிக்கை கருதப்படுகிறது. எளிய விளையாட்டுக் கணினிக்கு 4 கருவகங்களும் 8 இழைகளும் குறைந்த அளவாகவும், 6 கருவகங்களும் 12 இழைகளும் போதிய அளவாகவும் கொள்ளப்படுகின்றன.

கடிகார வேகமும் தலைமுறையும்: கிகாஹெர்ட்ஸ் அளவில் கூறப்படும் கடிகார வேகம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த செயலிகளை ஒப்பிடுவதற்கு மட்டுமே பொருத்தமானது. ஒரு கடிகாரத் துடிப்பில் எவ்வளவு பணி முடிகிறது என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறுபடும். 2004-இல் வெளியான பென்டியம் 4 செயலி ஒன்று 3.8 கிகாஹெர்ட்ஸ் வேகம் கொண்டிருந்தது. 2006-இல் வெளியான கோர் 2 டுவோ இ6300 செயலி 1.86 கிகாஹெர்ட்ஸ் வேகத்திலேயே அதனை விஞ்சியது.

பதுக்கு நினைவகம்: அடிக்கடி தேவைப்படும் தரவைச் செயலிக்குள்ளேயே வைத்திருக்கும் சிறிய, மிக விரைவான நினைவகம் இதுவாகும். விளையாட்டுகள் பரந்த தரவை ஒழுங்கின்றி அணுகுவதால், இதன் அளவு பிற மென்பொருள்களைக் காட்டிலும் விளையாட்டுகளில் கூடுதலாக உணரப்படுகிறது. 2022-இல் வெளியான ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலி 96 மெகாபைட்டு மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகத்தைக் கொண்டு, கடிகார வேகம் சற்றுக் குறைவாக இருந்தும் விளையாட்டுகளில் முன்னின்றது.

உள்ளிணைந்த வரைகலை: சில செயலிகளின் உள்ளேயே வரைகலைப் பகுதியும் அமைந்திருக்கும். தனி வரைகலை அட்டை வாங்க இயலாதவர்களுக்கு இதுவே முதன்மையான அளவுகோலாகும்.

மின்திறன்: வாட் அளவில் கூறப்படும் இவ்வெண், செயலி வெளிவிடும் வெப்பத்தையும், தேவைப்படும் குளிர்விப்பானின் அளவையும், மின்கட்டணத்தையும் உணர்த்துகிறது. எனினும் அறிவிக்கப்பட்ட எண்ணும் உச்சப் பயன்பாடும் ஒன்றல்ல. ஐ5-12400எஃப் செயலியின் அடிப்படை மின்திறன் 65 வாட். உச்ச மின்திறன் 117 வாட்.

வரலாற்றுச் சுருக்கம்

மேசைக் கணினிச் செயலிச் சந்தை பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களுக்கு இடையிலான போட்டியாகவே இருந்து வருகிறது. ஏஎம்டி 1999-இல் அத்லான் செயலியை வெளியிட்டது. 2000 மார்ச்சில் இரு நிறுவனங்களும் சில நாள் இடைவெளியில் 1 கிகாஹெர்ட்ஸ் எல்லையை எட்டின.

2000-களில் தமிழகத்துச் சிறுநகரங்களில் பலர் கணினி விளையாட்டை அறிந்தது உலாவல் மையங்கள் வழியாகவே. பென்டியம் 4 அல்லது செலரான் செயலியும் தாய்ப்பலகையில் இணைந்த வரைகலையும் கொண்ட கணினிகளில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6, புராஜெக்ட் ஐஜிஐ, வைஸ் சிட்டி போன்ற விளையாட்டுகள் ஆடப்பட்டன.

2006-இல் கோர் 2 டுவோ வெளியான பின் இன்டெல் முன்னிலை பெற்றது. ஏஎம்டி 2011-இல் வெளியிட்ட எஃப்எக்ஸ் வரிசை கருவகங்களின் எண்ணிக்கையில் உயர்ந்திருந்தும் தனிக் கருவக வேகத்தில் பின்தங்கியது. 2017 மார்ச்சில் ரைசன் வரிசை வெளியானபோது நிலை மாறியது. அதே ஆண்டின் தொடக்கத்தில் இன்டெல் வெளியிட்ட பென்டியம் ஜி4560, 2 கருவகங்களும் 4 இழைகளும் கொண்டு, எளிய விளையாட்டுக் கணினியாளர்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றது. 2018 பிப்ரவரியில் 99 அமெரிக்க டாலர் விலையில் வெளியான ரைசன் 3 2200ஜி, தனி வரைகலை அட்டையின்றியே பல விளையாட்டுகளை ஆட இயலும் என்பதை நிறுவியது.

2020 முதல் 2022 வரை, பெருந்தொற்றுக் காலத் தட்டுப்பாட்டாலும் மறையீட்டு நாணய அகழ்வாலும் வரைகலை அட்டைகளின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அக்காலத்தில், 2021-இல் வெளியான ரைசன் 5 5600ஜி போன்ற உள்ளிணைந்த வரைகலைச் செயலிகளே பலருக்குப் புகலிடமாயின. 2022-இல் வெளியான இன்டெல் ஐ3-12100எஃப், நான்கே கருவகங்களைக் கொண்டிருந்தும், முந்தைய தலைமுறைகளின் நடுத்தரச் செயலிகளுக்கு விளையாட்டில் இணையாக நின்றது.

பெயரீட்டைப் புரிந்துகொள்ளல்

செயலிகளின் பெயர்கள் வாங்குவோரைக் குழப்பும் வகையில் அமைந்துள்ளன. ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் உள்ள படிநிலைகளையே குறிக்கின்றன. அடுத்து வரும் எண்ணே தலைமுறையைக் காட்டுகிறது. ஐ7-2600 என்பது 2011-இல் வெளியான இரண்டாம் தலைமுறைச் செயலி. ஐ3-12100 என்பது 2022-இல் வெளியான பன்னிரண்டாம் தலைமுறைச் செயலி. இரண்டும் 4 கருவகங்களும் 8 இழைகளும் கொண்டவை. ஆயினும் பின்னதே மிகவும் விரைவானது. "ஐ7 கணினி" என்று மட்டும் கூறும் விளம்பரத்திலிருந்து எதையும் அறிய முடியாது. முழு எண்ணையும் கேட்டறிதல் வேண்டும்.

எண்ணுக்குப் பின் வரும் எழுத்துகளும் பொருள் உடையவை.

- எஃப்: இன்டெல் செயலிகளில் உள்ளிணைந்த வரைகலை இல்லை என்பதைக் குறிக்கும். தனி வரைகலை அட்டை இன்றி இச்செயலியை வாங்கினால் திரையில் எதுவும் தோன்றாது.
- கே: கடிகார வேகத்தை உயர்த்த இயலும் இன்டெல் செயலி. இதற்கு விலை கூடிய தாய்ப்பலகையும் குளிர்விப்பானும் தேவை. எளிய கணினிக்குத் தேவையற்றது.
- டி: குறைந்த மின்திறனில் இயங்கும் இன்டெல் செயலி.
- ஜி: ரைசன் செயலிகளில் விளையாட்டுக்கு ஏற்ற உள்ளிணைந்த வரைகலை உண்டு என்பதைக் குறிக்கும்.
- எக்ஸ்3டி: அடுக்கப்பட்ட கூடுதல் பதுக்கு நினைவகம் கொண்ட ஏஎம்டி செயலி.

ரைசன் 5 5500, ரைசன் 5 5600 ஆகியவற்றில் எஃப் என்ற எழுத்து இல்லாவிடினும் உள்ளிணைந்த வரைகலை கிடையாது. ரைசன் 5 7600 செயலியில் சிறிய வரைகலைப் பகுதி ஒன்று உண்டு. அது திரையில் படம் காட்டவும் அன்றாடப் பணிகளுக்கும் போதுமே தவிர, விளையாட்டுக்கு உரியதன்று.

இரு வழிகள்

எளிய விளையாட்டுக் கணினி அமைப்போர் முன் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, உள்ளிணைந்த வரைகலைச் செயலியை மட்டும் வாங்குவது. ரைசன் 5 5600ஜி, அதற்குப் பின் 2024-இல் வெளியான ரைசன் 5 8600ஜி ஆகியவை இவ்வகையின. வேலரன்ட், ஜிடிஏ 5 போன்ற விளையாட்டுகளைக் குறைந்த அல்லது நடுத்தர அமைப்புகளில் இவற்றில் ஆடலாம். அண்மைய பெரிய விளையாட்டுகள் பலவற்றுக்கு இவை போதா. இவ்வழியில் நினைவகம் மிக முதன்மையானது. உள்ளிணைந்த வரைகலைக்கென்று தனி நினைவகம் இல்லாததால், அது கணினியின் பொது நினைவகத்தையே பயன்படுத்துகிறது. 3200 வேகமுடைய டிடிஆர்4 நினைவக அட்டை ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 கிகாபைட்டு தரவே கடத்தப்படும். இரண்டு அட்டைகளை உரிய செருகுவாய்களில் பொருத்தினால் அது 51.2 கிகாபைட்டாக இரட்டிக்கும். ஆகவே, 16 கிகாபைட்டு அட்டை ஒன்றைக் காட்டிலும் 8 கிகாபைட்டு அட்டைகள் இரண்டு சிறந்தவை.

இரண்டாம் வழி, வரைகலைப் பகுதியற்ற செயலியையும் தனி வரைகலை அட்டையையும் வாங்குவது. ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப், ரைசன் 5 5600 ஆகியவை இவ்வழிக்குப் பலரும் தெரிந்தெடுத்தவை. செலவு கூடினாலும் விளையாட்டுத் திறன் பன்மடங்காகும்.

முதல் வழியில் தொடங்கிப் பின்னர் வரைகலை அட்டையைச் சேர்ப்பதும் உண்டு. இவ்வாறு திட்டமிடுவோர் ஒரு குறையை அறிந்திருத்தல் நலம். ரைசன் 5 5600ஜி, 5500 ஆகிய செயலிகள் பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் பதிப்பையே ஆதரிக்கின்றன. நான்காம் பதிப்பில் நான்கே தடங்களைப் பயன்படுத்தும் ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற மலிவான அட்டைகள் இச்செயலிகளுடன் இணைக்கப்படும்போது வேகத்தை இழக்கின்றன. மேலும், பிற்காலத்தில் அட்டை சேர்ப்பதற்குப் போதிய திறனுடைய மின்வழங்கியைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டும்.

தாய்ப்பலகையும் நினைவகமும்

ஒவ்வொரு செயலியும் குறிப்பிட்ட பொருத்துவாய் கொண்ட தாய்ப்பலகையில் மட்டுமே அமரும். ஏஎம்டியின் ஏஎம்4 பொருத்துவாய் 2017-இன் முதல் ரைசன் முதல் ரைசன் 5000 வரிசை வரை நீடித்தது. இதனால், பழைய பலகையை வைத்துக்கொண்டே பலர் புதிய செயலிக்கு மாற முடிந்தது. 2022-இல் வந்த ஏஎம்5 டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 பொருத்துவாய் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளுக்கு உரியது. அதற்கான பலகைகள் டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரு வகைகளிலும் வெளியாயின.

பொருத்துவாய் ஒத்திருந்தாலும், பலகையில் உள்ள பயாஸ் மென்பொருள் பழையதாயின் புதிய செயலி இயங்காது. ஏஎம்4 பலகைகளில் ரைசன் 5000 வரிசையைப் பொருத்துவோர், வாங்கும் கடையிலேயே பயாசை இற்றைப்படுத்தி, கணினி தொடங்குவதைக் கண்டறிந்து பெறுதல் நன்று.

2025-இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை மிகுந்ததால் நினைவகங்களின் விலை கடுமையாக உயர்ந்தது. இத்தகைய காலங்களில், செயலியின் விலையை மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவைத் தரும். செயலி, பலகை, நினைவகம் ஆகிய மூன்றின் கூட்டு விலையையே ஒப்பிட வேண்டும். ஏற்கெனவே டிடிஆர்4 நினைவகம் வைத்திருப்பவருக்கு அதனையே ஏற்கும் பழைய பொருத்துவாய் ஆதாயமாக அமையலாம்.

வறள்நில வட்டாரச் சூழல்

அருப்புக்கோட்டை, மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையில், மதுரைக்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள நகரமாகும். நெசவும் நூற்பாலைகளும் இதன் முதன்மைத் தொழில்கள். கிழக்கே உள்ள திருச்சுழி வட்டாரம் கண்மாய்களையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பிய வேளாண் நிலமாகும். இச்சூழல் செயலித் தெரிவை நான்கு வகைகளில் பாதிக்கிறது.

வெப்பம்: செயலியின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலையோடு செயலியின் வெப்ப உயர்வைக் கூட்டியதாகும். ஒரு குளிர்விப்பான் குறிப்பிட்ட சுமையில் 45 பாகை செல்சியசு உயர்வை அனுமதிப்பதாகக் கொள்வோம். 25 பாகை அறையில் செயலி 70 பாகையில் நிற்கும். கோடைக்காலத்தில் 40 பாகையை எட்டும் ஓட்டு வீட்டிலோ தகரக் கூரை அறையிலோ அதே செயலி 85 பாகையைத் தொடும். தற்காலச் செயலிகள் மாதிரியைப் பொறுத்து சுமார் 90 முதல் 100 பாகையில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. குளிரூட்டப்பட்ட ஆய்வகங்களில் நடத்தப்பட்ட சோதனைகளின் முடிவுகள் இங்கு அப்படியே கிடைக்கா. எனவே, 65 வாட் அல்லது அதற்குக் குறைந்த செயலிகளே இவ்வட்டாரத்துக்கு ஏற்றவை. உச்ச மின்திறன் மிகுந்த செயலிகளில், பயாஸ் வழியே மின்திறனுக்கு எல்லை விதிக்கலாம். இதனால் விளையாட்டு வேகத்தில் ஏற்படும் இழப்பு பொதுவாகச் சிறிதே.

தூசு: கரிசல் புழுதியும், தறிக்கூடங்களை ஒட்டிய வீடுகளில் பஞ்சுத் துகளும் குளிர்விப்பானின் இதழ்களை அடைத்துவிடுகின்றன. பஞ்சு ஒரு போர்வையைப் போலப் படிவதால் காற்றோட்டம் அறவே நின்றுவிடக் கூடும். கணினியைத் தரையில் வைக்காது மேசை மீது வைப்பதும், காற்று உட்புகும் இடத்தில் கழற்றித் துடைக்கத்தக்க வலை அமைப்பதும், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மின்னிணைப்பை நீக்கித் தூய்மை செய்வதும் செயலியின் வேகத்தைக் காக்கும் வழிகளாகும்.

மின்சாரம்: 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகத்தின் சென்னை தவிர்த்த பகுதிகளில் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு நிலவியது. பின்னர் அந்நிலை நீங்கினாலும், ஊர்ப்புறங்களில் மின்னழுத்த ஏற்ற இறக்கம் கணினிக்குத் தீங்கு செய்யக் கூடியது. 600 விஏ அளவுள்ள தடையில்லா மின்வழங்கிகள் பொதுவாக 360 வாட் வரையே தாங்கும். 65 வாட் செயலியும் உள்ளிணைந்த வரைகலையும் கொண்ட கணினி, திரையுடன் சேர்த்தே இந்த எல்லைக்குள் எளிதில் அடங்கும். மின்திறன் மிகுந்த செயலியும் பெரிய வரைகலை அட்டையும் சேர்ந்தால் அடங்காது. மின்தடை ஏற்பட்ட கணத்திலேயே கணினி அணைந்துவிடும். வீட்டு மின்மாற்றி எனப்படும் இன்வெர்ட்டரில் கணினியை இணைப்போர், அதில் உள்ள யுபிஎஸ் நிலைக்கு விசையை மாற்றி வைக்க வேண்டும். இல்லையெனில், மாறும் இடைவெளியில் கணினி மீண்டும் தொடங்கிவிடும். நில இணைப்பு சரியாக உள்ளதா என்பதையும் மின்பணியாளரைக் கொண்டு அறிதல் இன்றியமையாதது.

மின்கட்டணமும் கருதத்தக்கது. 100 வாட் இழுக்கும் கணினியில் நாளொன்றுக்கு 3 மணி நேரம் விளையாடினால் 60 நாட்களில் 18 அலகுகள் செலவாகும். 250 வாட் இழுக்கும் கணினியில் இது 45 அலகுகளாகும். 2016 மே மாதத்தில் தமிழக அரசு வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 அலகுகளைக் கட்டணமின்றி அறிவித்தது. அந்த 100 அலகுகளோடு ஒப்பிட்டால், பின்னது ஏறத்தாழப் பாதியை விழுங்குவதை உணரலாம்.

தொலைவு: செயலி வகைகள் பலவற்றையும் ஒருங்கே வைத்திருக்கும் கடைகள் மதுரை போன்ற பெருநகரங்களிலேயே மிகுதி. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு மாநிலத்தின் பெயர்பெற்ற மின்னணுச் சந்தையாகும். பொருந்தாத ஒரு பாகத்தை மாற்ற ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் செலவாகும் என்பதால், பட்டியலை முழுமையாகச் சரிபார்த்த பின்னரே புறப்படுவது சிறந்தது. உறையிடப்பட்ட பெட்டியில் வரும் இன்டெல், ஏஎம்டி மேசைச் செயலிகளுக்குப் பொதுவாக 3 ஆண்டு உத்தரவாதம் உண்டு. பெட்டியின்றித் தட்டில் விற்கப்படும் செயலிகளுக்கு விற்பவரின் உறுதியே உத்தரவாதம். அதனை விலைச்சீட்டில் எழுதிப் பெறுதல் வேண்டும்.

அரசு மடிக்கணினிகளும் விளையாட்டும்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே முதல் கணினியாக அமைந்தது. மடிக்கணினிச் செயலிகள் குறைந்த மின்திறனுக்காக வடிவமைக்கப்பட்டவை. பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அவற்றை மாற்ற இயலாது. எனவே, அவற்றில் விளையாட்டுத் திறனை உயர்த்த விரும்புவோர் நினைவக அட்டையைச் சேர்ப்பது, திண்ம நிலை வட்டைப் பொருத்துவது, பழைய விளையாட்டுகளைத் தெரிவது ஆகிய வழிகளையே நாட முடியும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ் போன்றவை இத்தகைய கணினிகளிலும் இயங்கக் கூடியவை.

பயன்படுத்திய செயலிகள்

செயலியில் அசையும் உறுப்புகள் இல்லாமையால், முறையாகப் பயன்படுத்தப்பட்ட செயலி நெடுங்காலம் உழைக்கும். ஆகவே, பழைய செயலியை வாங்குவது தவறன்று. எனினும் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

விண்டோசு 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோசு 11, இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளைப் பெரும்பாலும் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. வேலரன்ட் விளையாட்டு விண்டோசு 11-இல் டிபிஎம் 2.0 பாதுகாப்புக் கூற்றையும் கோருகிறது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல் செயலிகளில் ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுதி இல்லை. அதனைக் கோரும் புதிய விளையாட்டுகள் அவற்றில் தொடங்கவே மாட்டா.

அலுவலகங்களில் கழிக்கப்பட்டுப் புதுப்பித்து விற்கப்படும் கணினிகள் மலிவானவை. ஆயினும் அவற்றில் பலவற்றின் மின்வழங்கியும் பலகையும் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பதால், வரைகலை அட்டை சேர்ப்பது கடினம். வழங்கிகளுக்கென உருவாக்கப்பட்ட சியான் செயலிகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. எடுத்துக்காட்டாக, 2014-இல் வெளியான சியான் இ5-2670 வி3 செயலியில் 12 கருவகங்கள் உள்ளன. ஆனால் அதன் உச்ச வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், மின்திறன் 120 வாட். விளையாட்டில் இது நான்கு கருவகமுடைய ஐ3-12100எஃப் செயலிக்குப் பின்தங்குகிறது. வெப்பத்தையோ இருமடங்கு வெளிவிடுகிறது.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைகளைச் சேர்ந்த உயர்நிலைச் செயலிகளில் மிகை மின்னழுத்தத்தால் நிலையின்மை ஏற்படுவது 2024-இல் உறுதி செய்யப்பட்டது. இன்டெல் பயாஸ் திருத்தங்களை வெளியிட்டு, அச்செயலிகளுக்கான உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. இவ்வகைச் செயலிகளைப் பழையதாக வாங்குவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

சில செயலிகளின் ஒப்பீடு

- அத்லான் 3000ஜி: 2019, 2 கருவகம், 4 இழை, 35 வாட், உள்ளிணைந்த வரைகலை உண்டு. பாடப் பணிக்கும் பழைய விளையாட்டுகளுக்கும் மட்டும்.
- ரைசன் 5 3600: 2019, 6 கருவகம், 12 இழை, 65 வாட், வரைகலை இல்லை. பழையதாக வாங்க ஏற்றது.
- ரைசன் 5 5600ஜி: 2021, 6 கருவகம், 12 இழை, 65 வாட், வரைகலை உண்டு. தனி அட்டை இல்லாத கணினிக்கு.
- ஐ3-12100எஃப்: 2022, 4 கருவகம், 8 இழை, 58 வாட், வரைகலை இல்லை. தனி அட்டையுடன் குறைந்த செலவில்.
- ஐ5-12400எஃப்: 2022, 6 கருவகம், 12 இழை, 65 வாட், வரைகலை இல்லை. தனி அட்டையுடன் நெடுங்காலப் பயன்பாட்டுக்கு.
- ரைசன் 5 5600: 2022, 6 கருவகம், 12 இழை, 65 வாட், வரைகலை இல்லை. ஏஎம்4 பலகை வைத்திருப்போருக்கு.
- ரைசன் 5 7600: 2023, 6 கருவகம், 12 இழை, 65 வாட், சிறிய வரைகலை உண்டு. பின்னாளில் செயலி மட்டும் மாற்றத் திட்டமிடுவோருக்கு.

தெரிவுப் படிகள்

செயலியை இறுதி செய்வதற்குக் கீழ்வரும் வரிசை பின்பற்றத்தக்கது.

1. ஆட விரும்பும் விளையாட்டுகளின் பெயர்களையும், அவற்றின் வெளியீட்டாளர் அறிவித்துள்ள குறைந்தபட்ச, பரிந்துரைக்கப்பட்ட தேவைகளையும் குறித்துக்கொள்ளுதல்.
2. திரையின் அளவையும் புதுப்பிப்பு வீதத்தையும் நோக்குதல். 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு 60 சட்டகங்களுக்கு மேல் முழுமையாகக் காட்ட இயலாது. அதற்கு மேற்பட்ட திறனுக்குச் செலவிடுவதில் பயன் குறைவு.
3. தனி வரைகலை அட்டை வாங்க இயலுமா என்பதை முடிவு செய்தல். இயலாதெனில் உள்ளிணைந்த வரைகலைச் செயலி; இயலுமெனில் மற்றவை.
4. செயலி, பலகை, நினைவகம் ஆகியவற்றின் கூட்டு விலையை ஒப்பிடுதல். இந்தியாவில் கணினிப் பாகங்களுக்கு 18 விழுக்காடு சரக்கு சேவை வரி உண்டு. வரி சேர்ந்த விலையையே கேட்க வேண்டும்.
5. தரமான மின்வழங்கிக்கும் தடையில்லா மின்வழங்கிக்கும் தொகையை ஒதுக்கிய பின்னரே செயலியின் படிநிலையை உயர்த்த எண்ணுதல்.
6. கடையில் கணினி இயங்கும்போது சிபியு-இசட் போன்ற இலவச மென்பொருள் மூலம் செயலியின் முழு எண்ணையும், நினைவகம் இரு தடங்களில் இயங்குவதையும் சரிபார்த்தல்.
7. வீட்டில், நண்பகல் வெப்பத்தில் அரை மணி நேரம் விளையாடிச் செயலியின் வெப்பநிலையைக் கண்காணித்தல். எல்லையை நெருங்கினால் வெப்பக் களிம்பு, விசிறியின் திசை, காற்றோட்டம் ஆகியவற்றைச் சீர்செய்தல்.

விலையும் மாதிரிகளும் ஆண்டுதோறும் மாறுபவை. ஆனால் தடை எங்குள்ளது என்பதை அறிதல், தலைமுறையை நோக்குதல், கூட்டு விலையை ஒப்பிடுதல், அறையின் வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் ஏற்ப மின்திறனை வரையறுத்தல் ஆகிய நான்கும் எந்தத் தலைமுறைச் செயலிக்கும் பொருந்துவனவாகும்.